பொலிகாளை விட்ட தேதியைக் கேளுங்கள்

கேள்வி: கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு குடும்பம் நடத்தும் மாட்டுப் பண்ணையில் மார்ச் முதல் ஜூன் வரை தங்கிப் பயிற்சி பெற வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. வசந்த காலத்தில் அங்கே என்னென்ன வேலைகள் நடக்கும்? வீட்டின் அன்றாடம் எப்படி இருக்கும்? நான் சைவம் என்பதால் அம்மா கவலைப்படுகிறார். சமாளிக்க முடியுமா?

பதில்:

அந்தக் குடும்பத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: போன ஆண்டு பொலிகாளைகளை எந்தத் தேதியில் பசுக்களோடு விட்டார்கள்? அந்த ஒரு தேதி தெரிந்தால் உங்கள் நான்கு மாதங்களில் முக்கால் பங்கு தெரிந்துவிடும். பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள் என்பது நீங்கள் படித்ததுதான். மே 22-இல் காளை விட்டிருந்தால் மார்ச் 1-ஐ ஒட்டிக் கன்றுகள் பிறக்கத் தொடங்கும். தலையீற்றுக் கிடேரிகளுக்கு, அதாவது முதல்முறை ஈனப்போகும் இளம் பசுக்களுக்கு, இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே காளை விடுவது வழக்கம் என்பதால், நீங்கள் விமானம் விட்டு இறங்கும்போது அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். மாறாக, ஆகஸ்ட் 5 என்று பதில் வந்தால் மே நடுவில்தான் ஈற்று. அப்போது உங்கள் மார்ச் மாதம் தீவனம், வேலி, தண்ணீர் என்று போகும். பிரசவங்களைப் பச்சைப் புல்லில் பார்ப்பீர்கள். இரண்டும் நல்ல அனுபவம்தான், ஆனால் வேறு வேறு அனுபவங்கள். கொண்டுபோகும் உடுப்புகூட மாறும்.

நான் ஆய்வு மாணவனாகப் போய், அந்த மாநிலத்தின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் மூன்று வசந்தங்களை ஒரு குடும்பத்தோடு கழித்தவன். அவர்களுடையது மார்ச் ஈற்று. அதனால் கீழே எழுதுவது பெரும்பாலும் மார்ச் ஈற்றுக் கணக்கு.

முதலில் நிலம். சாண்ட்ஹில்ஸ் என்றால் மணற்குன்றுகள்தான்; ஆனால் பாலைவனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையலையாகக் கிடக்கும் மணல்மேடுகளைப் புல் போர்த்திப் பிடித்து வைத்திருக்கிறது. மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு அதுதான். அடியில் ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம். பள்ளங்களில் நீர்மட்டம் அவ்வளவு மேலே இருப்பதால் ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும் தாமாகவே அமைந்திருக்கின்றன. உழுதால் மணல் பறந்துவிடும்; ஆகவே அங்கே உழவு இல்லை, மாடுதான். 1862-ஆம் ஆண்டு வீட்டுநிலச் சட்டம் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மேற்கு நெப்ராஸ்காவில் அதை வைத்துப் பிழைக்க முடியவில்லை என்று 1904-இல் கின்கெய்ட் சட்டம் அதை 640 ஏக்கராக்கியது. அதுவும் போதவில்லை. ஒரு பசுவுக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து ஏக்கர் மேய்ச்சல் வேண்டிய மண்ணில் 640 ஏக்கரில் ஐம்பது அறுபது மாடு வளர்ப்பதே பாடு. பலர் விற்றுவிட்டுப் போனார்கள். தங்கியவர்கள் வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். பக்கத்து வீடு பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கும், பள்ளிக்கூடம் ஒரு மணி நேரப் பயணமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். தனிமையாக இருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாடுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கறவை மாடுகளோடு பழகியவர். அங்கே இருப்பவை பெரும்பாலும் கருப்பு ஆங்கஸ், சிவப்பு உடலும் வெள்ளை முகமுமான ஹெர்போர்ட், இரண்டின் கலப்பு. ஐந்நூறு அறுநூறு கிலோ எடை. இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் தாய்ப்பசுக்கள். யாரும் அவற்றைக் கறப்பதில்லை, தொடுவதும் அரிது. கழுத்தைச் சொறிந்துகொடுக்கக் கையை நீட்டாதீர்கள். ஈன்ற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். வேலியை நோக்கி எத்தனை எட்டில் ஓட முடியும் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்ட பிறகே கன்றின் காதைத் தொட வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

இனி ஈற்றுக் காலம். மூன்று வசந்தங்களிலும் என் நாள் இரவில்தான் தொடங்கியது. கிடேரிகளை வீட்டுக்கு அருகே ஒரு பட்டியில் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது டார்ச் விளக்கோடு போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இரவு பத்து மணி முறை மகனுக்கு, ஒரு மணி எனக்கு, நான்கு மணி பெரியவருக்கு. போனதும் விளக்கை முகத்தில் அடிக்கக் கூடாது. மெதுவாக நடந்து, எது கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கிறது, எது வாலைத் தூக்கிக்கொண்டு படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது, எதற்கு மடி விட்டுக் காம்புகள் பளபளக்கின்றன என்று பார்க்க வேண்டும். மைனஸ் பத்து டிகிரியில், காற்று மணலையும் பனியையும் ஒன்றாக வீசும்போது, இருபது நிமிடம் அப்படிப் பார்ப்பது எளிதில்லை. ஆனால் நீங்கள் கற்கப்போவதில் மிக முக்கியமானது அந்தப் பார்வைதான். புத்தகத்தில் பிரசவத்துக்கு மூன்று நிலைகள் என்று படித்திருப்பீர்கள். அங்கே முதல் நிலையை ஒரு வாலின் அசைவில் கண்டுகொள்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் முதல் வசந்தத்தில் ஒரு தவறு செய்தேன். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் கிடேரியிடம் முன்னேற்றம் இல்லையென்றால் எழுப்பு என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஈன்று பழகிய பசு என்றால் அரை மணி. எனக்கு அவரை எழுப்பத் தயக்கம். அன்று பகல் முழுதும் அவர் பனியில் நின்றிருந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் தனியாகக் காத்திருந்தேன். கையை விட்டுப் பார்த்தபோது ஒரு முன்னங்கால் பின்னால் மடங்கியிருந்தது. சங்கிலி போட்டு, நிலையைத் திருத்தி, இழுத்து எடுத்தபோது கன்று இறந்திருந்தது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. கிடேரியின் முதுகில் தட்டிவிட்டு, உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தார்.

அவர் செய்தது எனக்குப் புதிதாகவும் இருந்தது, பழையதாகவும் இருந்தது. இறந்த கன்றின் தோலை உரித்து, நான்கு கால்களுக்கும் துளை விட்டு, அதை வேறொரு கன்றின் மேல் சட்டையைப் போல மாட்டினார். முந்தைய நாள் இரட்டைக் கன்று போட்ட ஒரு பசுவால் இரண்டுக்கும் பால் கொடுக்க முடியவில்லை. அதில் ஒன்று அது. கிடேரி முகர்ந்தது, தன் கன்றின் வாசனையைக் கண்டது, நக்கத் தொடங்கியது. மூன்று நாள் கழித்துத் தோலை அவிழ்த்தபோது அதுவே அவள் கன்றாகிவிட்டது. நம் ஊரில் கன்று இறந்தால் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பார்களே, அந்தத் தோற்கன்றைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். வாசனைதான் தாய்மைக்கு வழி என்று இரண்டு ஊர்க்காரர்களும் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே மட்டும் உயிருள்ள ஒரு கன்றுக்கு அதனால் தாய் கிடைக்கிறது. அதன் பிறகு நான் யாரையும் எழுப்பத் தயங்கியதில்லை. நீங்களும் தயங்காதீர்கள். எழுப்பியதற்காக எந்த மாட்டுக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கன்று பிறந்தவுடன் பார்க்க வேண்டியது சீம்பால். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை என்பதால், முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலே அதன் முழுச் சொத்து. ஒரு நாள் கழிந்தால் குடல் அந்தப் புரதங்களை உறிஞ்சுவதை நிறுத்திவிடும். ஈரத்தோடு பனியில் கிடந்த கன்று குளிரில் விறைத்துவிட்டால் எழுந்து குடிக்காது. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்: உள்ளே சில்லென்று இருந்தால் உடனே சூடேற்ற வேண்டும். பிக்கப் வண்டியின் ஹீட்டர் முன் கால் வைக்கும் இடத்தில் படுக்க வைப்பார்கள், அல்லது வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நான் காலையில் பல் தேய்க்கப் போன குளியலறையில் ஒரு கன்று நின்றுகொண்டிருந்த நாள்கள் உண்டு. அந்த வீட்டில் அதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்லவில்லை.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய கன்றை இரண்டாவது வாரத்தில் கழிச்சல் கொண்டுபோய்விடும். இங்கேதான் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த ஒரு முறை வருகிறது. உலகமெங்கும் இப்போது சாண்ட்ஹில்ஸ் ஈற்று முறை என்று அதைச் சொல்கிறார்கள். மருந்தே இல்லாத மருத்துவம் அது. பழைய வழக்கப்படி ஈன்ற பசுக்களைக் கன்றோடு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இந்த முறையில் அதற்கு நேர்மாறாக, இன்னும் ஈனாத சினைப் பசுக்களைப் புதிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுகிறார்கள். ஈன்றவை கன்றோடு இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் இரண்டு வாரம், பிறகு வாரத்துக்கு ஒருமுறை இப்படி நகர்த்தினால், ஒரு நிலத்தில் இருக்கும் கன்றுகளுக்குள் வயது வித்தியாசம் முதல் நிலத்தில் இரண்டு வாரத்தையும் மற்றவற்றில் ஒரு வாரத்தையும் தாண்டாது. பெரிய கன்று கிருமியைப் பெருக்கிச் சின்னக் கன்றுக்குக் கொடுக்கும் சங்கிலி அறுந்துவிடும். நம் பாடப்புத்தகத்தில் கழிச்சலுக்கு எத்தனை மருந்து படித்தோம்! வேலியும் நாட்காட்டியும் அதைவிடப் பெரிய மருந்து என்று அங்கே கண்ணால் கண்டேன். அந்தப் பண்ணையில் இந்த முறை இருக்கிறதா என்று கேளுங்கள்; இருந்தால் தினமும் குறிப்பெடுங்கள்.

இன்னொன்றும் எனக்கு வியப்பாக இருந்தது. மாலை மங்கும் நேரத்தில் தீவனம் போட்டால் பசுக்கள் பெரும்பாலும் பகலில் ஈனுகின்றன. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் கோனஃபல் என்ற மாட்டுக்காரர் 1970-களில் இதைக் கவனித்துச் சொன்னார். பிறகு அயோவாவில் 15 பண்ணைகளின் 1,331 பசுக்களுக்கு நாள்தோறும் ஒருமுறை, அந்தி வேளையில் மட்டும் தீவனம் கொடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 85 கன்றுகள் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இடையில் பிறந்தன. எங்கள் வீட்டிலும் மாலை ஐந்து மணிக்குத்தான் உலர்புல் உருளைகளை அவிழ்ப்போம். ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் இருக்கும். டிராக்டர் அதை விரித்துக்கொண்டே போக, பின்னால் மாடுகள் ஒரே கோடாக நின்று தின்னும். காலையில் புரதச் சத்துக் கட்டிகள். அவற்றை அங்கே கேக் என்கிறார்கள்! பிக்கப்பின் ஹாரனை அடித்தால் குன்றுக்குப் பின்னாலிருந்து இருநூறு பசுக்கள் ஓடிவரும். அப்போதுதான் எண்ண வேண்டும். வராத பசு ஈன்றுகொண்டிருக்கும், அல்லது சிக்கலில் இருக்கும்.

ஒவ்வொரு கன்றுக்கும் காது வில்லை. அதில் தாயின் எண்ணேதான் இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு: தேதி, தாய், ஆணா பெண்ணா, உதவி தேவைப்பட்டதா. கணினி இருக்கிற வீடுகளிலும் இந்த நோட்டு இருக்கிறது. நனைந்து, சாணம் பட்டு, ஓரம் மடிந்திருக்கும். நிதானமாகப் படியுங்கள், எந்தப் பசுவின் மகள் எந்த ஆண்டு மோசமாக ஈன்றாள் என்று மூன்று தலைமுறை அதில் கிடைக்கும்.

வானிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாட்காட்டியில் வசந்தம் மார்ச் 20 வாக்கில் வருகிறது. குன்றுகளில் ஏப்ரல் கடைசி வரை பனிப்புயல் அடிக்கலாம். 2019 மார்ச் 13, 14-இல் வந்த புயலை அங்கே இன்னும் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். மேற்கே பனிப்புயல், மத்தியிலும் கிழக்கிலும் உறைந்த நிலத்தின் மேல் மழை, வெள்ளம். நையோப்ராரா ஆற்றில் பனிப்பாளங்கள் மோதி ஸ்பென்சர் அணை உடைந்தது. ஈற்றின் உச்ச வாரம் அது. கன்றுகளை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ.

இந்த அனுபவங்களால்தான் சிலர் ஈற்றை மே மாதத்துக்குத் தள்ளினார்கள். விட்மன் ஊருக்கு அருகே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான குட்மண்ட்சன் ஆய்வுப் பண்ணை ஒன்று இருக்கிறது. ஒரு மாட்டுக்காரத் தம்பதி 1978-இல் கொடையாகக் கொடுத்தது, சுமார் 12,800 ஏக்கர். அங்கே நடந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: பசுவுக்கு மிக அதிகச் சத்து வேண்டிய காலம் ஈன்ற பிறகு பால் சுரக்கும் மாதங்கள். அந்த மாதங்கள் புல் பச்சையாக இருக்கும் காலத்தோடு பொருந்தினால் உலர்புல் செலவு பெருமளவு குறையும். பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை? அக்டோபர் சந்தையில் மார்ச் கன்று மே கன்றைவிடக் கனமாக நிற்கும். பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு வருமானம் அந்தச் சந்தையில்தான். அதோடு, காளை விடும் காலம் கடும் வெயிலில் காய்ந்த புல்லில் வந்துவிடும் என்ற பயமும் உண்டு. என்னைக் கேட்டால் மே ஈற்றே சரி என்பேன். குளிரில் விறைத்த கன்றுகளைக் கையில் தூக்கியவன் வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் வங்கிக் கடனைக் கட்ட வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் முன்னால் இந்தத் தீர்ப்பை முதல் வாரத்தில் சொல்லிவிடாதீர்கள்.

ஏப்ரலில் ஈற்று குறையக் குறைய மற்ற வேலைகள் எழுந்து நிற்கும். குளிர்காலப் பனி சாய்த்த முள்கம்பி வேலி கிலோமீட்டர் கணக்கில். கம்பியை இழுத்துக் கட்டுவது, கழன்ற ஆணியை அடிப்பது, உளுத்த கம்பத்தை மாற்றுவது. தடித்த தோல் கையுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றாலைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்சாரம் எட்டாத மேய்ச்சல் நிலங்களில் நிலத்தடி நீரை இறைத்துத் தொட்டியை நிரப்புவது இன்னும் பல இடங்களில் அவைதான். சூரிய மின்பம்புகள் இப்போது அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன. காற்றாலையின் பம்பில் தேயும் தோல் வளையங்களை மாற்றக் குழாயை மேலே இழுக்க வேண்டும், அதற்கு மூன்று பேர் வேண்டும். ஈரப் புல்வெளிகளில் சாணத்தைக் கலைத்துப் பரப்பப் பரம்பு போன்ற இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் புல்தான் ஜூலையில் அறுக்கப்படும். செஞ்சீடர் மரக்கன்றுகள் புல்வெளியை ஆக்கிரமிப்பது அங்கே பெரிய கவலை. தீ வைத்துக் கட்டுப்படுத்தும் இடங்களும் உண்டு. அந்த மரத்தை அடிக்கிளைக்குக் கீழே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்ப்பதில்லை. ஓய்வு என்று எண்ணிய ஞாயிறுகளில் என் கையில் வெட்டரிவாள் இருந்தது இதனால்தான்.

ஏப்ரல் விடியலில் ஒரு நாளாவது குன்று மேல் போய் உட்காருங்கள். புல்வெளிக் கோழிகளின் சேவல்கள் கழுத்தின் ஆரஞ்சு நிறப் பைகளை ஊதிக்கொண்டு, காலால் தரையை அதிரவைத்து ஆடும். காலி மண்பானையின் வாயில் ஊதினால் வருமே, அது போன்ற ஒலி. இரவுக் காவல் முடிந்து நான்கு மணிக்குத் தூங்கப் போகாமல் நான் அதைக் கேட்கப் போயிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் அதே மேட்டுக்கு அவை வருகின்றன.

வீட்டுக்குள் வருவோம். பல வீடுகளில் மனைவியோ கணவரோ ஊரில் ஆசிரியராகவோ செவிலியராகவோ வேலை பார்ப்பார்கள். அந்தச் சம்பளத்தைவிட அதோடு வரும் மருத்துவக் காப்பீடு முக்கியம். எங்கள் வீட்டு அம்மா பள்ளியில் வேலை பார்த்தார். அதிகாலையில் காளைக் கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டு, உடை மாற்றி, 60 கிலோமீட்டர் ஓட்டிப்போவார். பிள்ளைகள் தாயில்லாக் கன்று ஒன்றைத் தங்கள் பொறுப்பில் வளர்த்து, கோடையில் மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். புனித வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடுவது அந்தப் பக்கத்தில் பலருக்கு வழக்கம். கோழிக்குஞ்சுகள் தபாலில் வரும். உண்மைதான், 1918 முதல் அமெரிக்கத் தபால் துறை ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை அனுப்புகிறது. முட்டையின் மஞ்சள் கரு உடலுக்குள் மிச்சம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் இரை இல்லாமல் அவை தாங்கும். காலை ஆறரைக்குத் தபால் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். பேசுபவர் குரலுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று நூறு குஞ்சுகள்.

மே மாதம் சூடு போடும் நாள். நம் கிராமங்களில் நோய்க்குச் சூடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது சொத்து உரிமைக் குறி. நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் மாடு விற்கும்போது குறியை ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்பது சட்டம். 1941-இல் அமைந்த மாநிலக் குறி வாரியம் அதை நடத்துகிறது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் குறித்து அக்கம்பக்கத்தாரை அழைக்கும். குதிரையில் வருபவர்கள் கயிற்றை வீசிக் கன்றின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துவருவார்கள். இரண்டு பேர் கீழே அழுத்திப் பிடிப்பார்கள். ஒருவர் சூட்டுக்கோல், ஒருவர் சப்பை நோய்க்கும் மற்றவற்றுக்கும் தடுப்பூசி, ஒருவர் ஆண் கன்றுகளைக் காயடிப்பது. ஒரு கன்றுக்கு ஒரு நிமிடம்தான். நீங்கள் பெரும்பாலும் தடுப்பூசிப் பக்கம் நிற்பீர்கள். மருந்தை ஐஸ் பெட்டியில், வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள தடுப்பூசியைக் கலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தீருமளவே கலக்குங்கள். உற்சாகத்தில் அங்கே பிழை செய்வது அந்த இடத்தில்தான்.

சூட்டுக்கோல் வலி தரும். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. காயடிப்பதும் வலிதான், எவ்வளவு இளவயதில் செய்கிறோமோ அவ்வளவு குறைவு. வலி நீக்க மருந்து கொடுக்கிற பண்ணைகள் பெருகிவருகின்றன. உங்கள் பண்ணையில் கொடுக்கவில்லையென்றால், குற்றம் சொல்லாமல், தங்கிப் பழகிய பிறகு மருந்தின் பெயரோடும் செலவுக் கணக்கோடும் பேசுங்கள். எங்கள் பெரியவர் மூன்றாம் ஆண்டில் ஏற்றுக்கொண்டார். அவர் மாடுகளை நேசிக்காதவர் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளும் அவரிடம் யாரும் கணக்கோடு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதே மாதத்தில் பொலிகாளைகளுக்கு விந்துப் பரிசோதனை. இருபத்தைந்து பசுக்களுக்கு ஒரு காளை என்பது பொதுக் கணக்கு. பசுக்களைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டும்போது, தளிர்ப்புல்லில் மெக்னீசியம் குறைவதால் பால் கொடுக்கும் பசு நடுங்கி விழும் ஆபத்து உண்டு என்பதை மறக்காதீர்கள். தாது உப்புத் தொட்டி முன்கூட்டியே நிரம்பியிருக்க வேண்டும். கன்றுகளோடு பசுக்களைக் குதிரையில் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப்போகும் அந்த நாளில் அவசரப்படுத்தாதீர்கள். பின்தங்கிய கன்று, கடைசியாகத் தாயைப் பார்த்த இடத்துக்கே திரும்பி ஓடும்.

உணவைப் பற்றி: அங்கே மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு, பன்னிரண்டு மணிக்குச் சரியாக. மாட்டிறைச்சி இல்லாத வேளை அரிது. அது அவர்கள் தொழில், அவர்கள் பெருமை. சைவம் என்பதைப் போவதற்கு முன்பே கடிதத்தில் எளிமையாக எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து சொன்னால் சமைத்தவருக்கு மனம் சங்கடப்படும். முட்டை சாப்பிடுவீர்களா, பால் குடிப்பீர்களா என்றும் எழுதுங்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், சோளம், ரொட்டி, வெண்ணெய், பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி தாராளமாகக் கிடைக்கும். அவர்கள் காரமான இறைச்சி பீன்ஸ் குழம்போடு அந்த இனிப்பு ரொட்டியைச் சேர்த்துச் சாப்பிடுவார்கள்; உங்களுக்கு இறைச்சி சேர்க்காமல் ஒரு சட்டி தனியாக வைத்துவிடலாம். துவரம்பருப்பு மூன்று கிலோ, சாம்பார்ப் பொடி, ஒரு சிறு குக்கர் கொண்டுபோங்கள். ஊறுகாய் நன்றாக மூடியிருக்கட்டும். அமெரிக்கச் சுங்கத்தில் விதைகளையும் பழங்களையும் கேட்பார்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான்கு மணிக் காவல் முடிந்து உறைந்த கையோடு வரும்போது ஒரு டம்ளர் மிளகு ரசம் போல எதுவும் இல்லை. என் இரண்டாவது வசந்தத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர் தமக்கும் ஒரு டம்ளர் கேட்கத் தொடங்கினார். ஆகவே மிளகு கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.